முதுகு தேய்த்துவிட ஒரு கை

ஜப்பானின் பெப்பு என்ற ஊரிலிருந்து திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. போட்டோவெல்லாம் காட்டியாயிற்று. வாங்கி வந்ததெல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு விஷயம் மட்டும் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறது. பக்கெட்டில் தண்ணீர் நிறையும் சத்தத்தைக் கேட்டாலே வந்துவிடுகிறது. யாரிடமாவது சொல்லலாம் என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் அங்கேதான் படிக்கிறாள். பெப்புவின் மலைமேல் ரித்சுமேய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2000-இல் தொடங்கியது, மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டுப் பிள்ளைகள். நவம்பரில் பன்னிரண்டு நாள் அவளோடு இருக்கலாம் என்று போனேன். ஃபுகுவோகாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவே சரிவில் ஊர். அந்தச் சின்ன ஊரில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள். அதிலும் மகள் எனக்கு அறை பிடித்திருந்த கன்னாவா பகுதியில் சாக்கடை மூடியின் ஓட்டை வழியாகக்கூட ஆவி வருகிறது. வீட்டுக் கொல்லையில், கோயில் பக்கத்தில், தெருமுனையில் என்று பார்த்த இடமெல்லாம் வெள்ளைப் புகை. அறுப்பு முடிந்து ஊரே நெல் அவிக்கிற நாட்களில் எங்கள் தெரு இப்படித்தான் இருக்கும். முதல் நாள் விடிகாலையில் ஜன்னலைத் திறந்ததும் ஒரு நிமிடம் நாஞ்சில் நாட்டில் நிற்பதுபோல் இருந்தது.

தங்கியிருந்தது பழைய மாதிரி வாடகை அறை. குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காக வாரக்கணக்கில் வந்து தங்குகிறவர்களுக்காக ஏற்பட்ட இடம். சமையலுக்கு அடுப்பே வேண்டாம். முற்றத்தில் கல் தொட்டிபோல ஒன்று, அடியிலிருந்து ஊற்றின் ஆவி சீறிக்கொண்டு வரும். கூடையில் சக்கரைவள்ளிக் கிழங்கையும் முட்டையையும் வைத்து மூடினால் அவிந்துவிடும். அந்தத் தொட்டியின் பெயரிலேயே 'ஜிகோகு' என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஜிகோகு என்றால் நரகம். பூமிக்கடியிலிருந்து கொதித்து வருகிற எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் பெயர்.

பெப்புவுக்குப் போய் ஒன்சென்னில், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியலில், குளிக்காமல் வருவது குற்றாலத்துக்குப் போய் அருவியைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது மாதிரி என்றாள் மகள். எனக்கும் ஆசைதான். ஒரே ஒரு சங்கடம். ஒன்சென்னில் ஒரு நூல்கூட உடம்பில் இல்லாமல்தான் இறங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் என்றாலும், பெண்கள் அறைக்குள் எல்லாரும் அப்படித்தான். கையில் ஒரு சின்னத் துணி, எங்கள் ஊர்த் துவர்த்தில் கால்வாசி. அதையும் தொட்டித் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்குவது. முறைகளைப் படித்துத் தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு.

நாங்கள் குளத்திலும் ஆற்றிலும் குளித்து வளர்ந்தவர்கள். பத்துப் பெண்கள் ஒரே படித்துறையில் குளிப்போம், துவைப்போம், ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். ஆனால் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடை இறங்காது. குளித்து ஏறியதும் உலர்ந்ததைத் தலைவழியே போட்டு, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை நழுவவிடும் வித்தையை ஏழெட்டு வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுவோம். அம்மா அதில் கெட்டிக்காரி. ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும் நடுத்துறையில் நின்று உடைமாற்றுவாள், ஓர் அங்குலம் வெளியே தெரியாது. ஐம்பத்தோரு வயது வரை என் உடம்பை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். கண்ணாடியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

முதல் நாள் மகள் வகுப்புக்குப் போனதும் தனியாகக் கிளம்பினேன். அவளோடு போக மனம் வரவில்லை. சிவப்புத் திரையைத் தாண்டி, செருப்பைக் கழற்றி, உடை மாற்றும் இடம் வரைக்கும் போனேன். நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டே கழற்றி மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை அதற்கு மேல் போகவே இல்லை. வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் உடுப்போடு போகக்கூடிய ஓரிடம் கிடைத்தது. கன்னாவா முஷியு, ஆவிக்குளியல். 1276-இல் இப்பென் என்ற துறவி ஏற்படுத்தியது என்கிறார்கள். குனிந்து நுழைகிற சின்னக் கதவு. உள்ளே கல்லால் கட்டிய இருட்டான அறை, தரையில் ஏதோ ஒரு புல்லைக் கனமாகப் பரப்பியிருக்கிறார்கள். அதன்மேல் படுத்துக்கொள்ள வேண்டும். கீழேயிருந்து ஊற்றின் சூடு ஏறும். எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. படுத்த உடனே அந்த வாசனை தெரிந்துவிட்டது. வசம்பு! வெளியே வந்து மகளுக்கு போன் போட்டுக் கேட்டேன், அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். செக்கிஷோ என்று பெயர், நம் வசம்பின் இனத்தையே சேர்ந்தது. பிள்ளை வளர்ப்பான். ராத்திரியில் பேர் சொல்லக் கூடாத மருந்து. இந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதை விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்து, நாக்கில் தடவிவிட்டவள் அம்மா. நரகத்தின் வாசலில் வசம்பு வாசனையில் படுத்துக்கிடந்த அந்த எட்டு நிமிடமும் நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பாவாடை

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. பக்கவாதம் வந்து பதினோரு மாதம் கிடந்தாள். வலது பக்கம் செயலில்லை. குளிப்பாட்டுவது என் பொறுப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர் விளாவி ஊற்றுவேன். பாவாடையை அவிழ்க்க விடமாட்டாள். இடது கையால் நாடாவைப் பிடித்துக்கொள்வாள். "வேண்டாம் மக்களே, அப்படியே ஊத்து" என்பாள். ஈரத்துணி ஒட்டி ஒட்டி இடுப்பில் தோல் வெந்து புண்ணாகிற வரை அந்தப் பிடி தளரவில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் விட்டாள். அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். துடைத்து உடுத்திவிடும் வரை திறக்கமாட்டாள். "ஒனக்கு என்னா பாடு" என்று சுவரைப் பார்த்தே சொல்வாள். நான் அவசர அவசரமாகத் தேய்ப்பேன். சீக்கிரம் முடித்தால் அவளுக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்வேன். தினமும் அந்த இருபது நிமிடம் இரண்டு பேருக்கும் தண்டனையாக இருந்தது.

கடைசிக் குளிப்பாட்டுக்கு நாலு பெண்கள் சுற்றிலும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும்தான் நான் அவசரப்படாமல் ஊற்றினேன்.

இரண்டு மணிக் குளியல்

ஐந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு யார் வரப்போகிறார்கள்? அறைக்குப் பின்தெருவில் ஊர்க்காரர்கள் குளிக்கிற ஒரு சின்னப் பொதுக் குளியலறை இருந்தது. பெப்புவில் இப்படித் தெருவுக்குத் தெரு உண்டு. மேலே ஊர்மன்றம், கீழே குளியலறை. வாசலில் ஒரு மாடத்தில் யாகுஷி, நோய் தீர்க்கும் புத்தர். பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி. நூறு யென் காசைப் போட்டுவிட்டு நாமே கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். உள்ளே ஒரே அறைதான். ஓரமாகத் துணி வைக்க அலமாரி, மூன்று படி இறங்கினால் சிமெண்டுத் தொட்டி. குழாயும் இல்லை, ஷவரும் இல்லை. தொட்டியிலிருந்தே போணியால் மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். தலைவலி மருந்து ஒன்றின் பெயர் அடியில் அச்சிட்ட மஞ்சள் பிளாஸ்டிக் போணிகள் கவிழ்த்து வைத்திருந்தன. சுவரில் தண்ணீரைப் பற்றிய ஆய்வுச் சான்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றுவாயில் 25 டிகிரியாவது சூடு இருந்தால், அல்லது பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருந்தால்தான் அது ஒன்சென். கன்னாவாவில் பிரச்சினை நேர்மாறானது, ஊற்று ஏறக்குறைய கொதிநிலையில் வருகிறது. பச்சைத்தண்ணீர் கலந்தால் குணம் குறையும் என்று மூங்கில் கிளைகளில் வழியவிட்டு ஆறவைக்கும் இடங்கூட அங்கே இருக்கிறது.

ஆள் யாருமில்லை. கழற்றினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொண்டேன். தண்ணீரின் சூடு தோலைக் கடித்தது. கால், முழங்கால், இடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கழுத்து வரை மூழ்கினபோது, என்னவென்று சொல்ல, உடம்பில் எங்கெங்கோ இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தண்ணீர் நேராகத் தோலைத் தொடுகிறது, இடையில் துணி இல்லை. குளத்தில் இத்தனை வருடம் குளித்தும் இது எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கதவு திறந்தது. வெளியே தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாட்டி உள்ளே வந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். இடுப்பு வளைந்து தரையைப் பார்த்தே நடக்கிறவர். என்னைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னார். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் மடித்து வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று படியையும் இறங்கி வந்தார். வயிறு மடிமடியாகச் சரிந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு பழைய தழும்பு. வற்றிய மார்பு. சந்தையிலிருந்து வந்தவள் கூடையை இறக்கிவைப்பதுபோல அந்த உடம்பை ஈரத்தரையில் இறக்கிவைத்தார். மறைக்கவும் இல்லை, மறைக்காததை ஒரு பொருட்டாக நினைக்கவும் இல்லை. முகம், கழுத்து, கை, கால் எல்லாம் நிதானமாகத் தேய்த்தார். பிறகு சின்னத் துணியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். ஒரு முனையை மேலே பிடித்து, மறு முனையைக் கீழே இன்னொரு கையால் பிடித்து இழுக்க வேண்டும். வலது கை ஏறவில்லை. பாதியில் நின்று நடுங்கிற்று. மறுபடி போட்டார். துணி நழுவிக் கீழே விழுந்தது.

நான் எழுந்து போய் அந்தத் துணியை எடுத்தேன்.

எழுந்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் நான் எப்படி இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது. அதற்குள் அது பெரிய விஷயமாக இல்லாமல் போயிருந்தது. முதுகைக் காட்டி, தேய்க்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். "சுமிமாசேன்" என்றார். மன்னிப்பு, நன்றி இரண்டுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து முதுகை எனக்குக் கொடுத்துவிட்டார். ஆமாம், கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரிந்தன. தோள்பட்டையிலிருந்து கீழே சோப்பு நுரையோடு தேய்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணை மூடினார்தான், ஆனால் சுகத்தில் மூடுகிற மூடல் வேறு. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று போணி மொண்டு மெல்ல ஊற்றினேன். நான் அவசரப்படவே இல்லை.

முடிந்தது என்று எழப்போனேன். அவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்து என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். "கோத்தாய்" என்று ஒரு வார்த்தை சொல்லி, தன் முன்னால் தரையைத் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி தட்டினார். சரி என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அந்தக் கையில் வலுவே இல்லை. ஈரத்துணி முதுகில் ஊர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் ஓரிடம் விடவில்லை. கை எட்டாத உயரத்துக்கு என்னைக் குனியச் சொல்லித் தேய்த்தார். கடைசியாக யார் என் முதுகைத் தேய்த்தார்கள்? மகள் பிறந்து நாற்பதாவது நாள் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். இருபது வருடம்.

பிறகு இருவரும் தொட்டியில் இறங்கினோம். கழுத்து வரை மூழ்கியதும் அவர் பெருமூச்சோடு, "கோகுராகு, கோகுராகு" என்றார். சாயங்காலம் மகளிடம் கேட்டேன். கோகுராகு என்றால் சொர்க்கம், வயதானவர்கள் வெந்நீரில் இறங்கியதும் சொல்வது அது. "கோத்தாய்னா?" என்றேன். "முறை மாத்திக்கிறதும்மா. வேலையில ஷிப்ட் மாறுறதுக்கும் அதான் சொல்லுவாங்க. ஏன்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவளுக்கு இடது கை இருந்தது

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மாவின் கூச்சம் அவள் வளர்ந்த விதம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். எத்தனையோ பேரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன், அந்தக் காலத்து மனுஷி, விடமாட்டாள் என்று. இப்போது அந்தக் குளியலறை கண் முன்னால் வந்தது. நான் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறேன். அம்மா நாற்காலியில் இருக்கிறாள். அங்கே உடுப்பில்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான். தொட்டது முழுக்க நான், தொடப்பட்டது முழுக்க அவள். பதினோரு மாதமும் ஒரே ஷிப்ட். முறை மாறவே இல்லை.

அவளுக்கு இடது கை நன்றாகத்தான் இருந்தது. பாவாடை நாடாவை அந்தப் பிடி பிடித்த கை. ஒருநாளாவது நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அம்மா, எனக்கும் முதுகு தேச்சுவிடு" என்று சொல்லியிருக்கலாம். பாவாடை கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். தேய்த்திருப்பாள். இடது கையால், மெல்ல, கோணலாக. தேய்த்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதுதான் ஐந்து மாதமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

ஜப்பானில் எல்லாம் சரி, நாம்தான் மோசம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் எல்லா உடம்புக்கும் கதவு திறந்துவிடவில்லை. பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை. ரவுடிக் கூட்டங்களின் அடையாளமாக அது அங்கே இருந்துவந்திருக்கிறது. 2015-இல் ஜப்பான் சுற்றுலாத் துறை எடுத்த கணக்கில் பதில் சொன்ன விடுதிகளில் 56 சதவீதம் அனுமதிப்பதில்லை என்று சொல்லியிருக்கின்றன. பெப்புவில் அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனாலும் முழங்கை வரை பச்சை குத்தியிருந்த என் ஆச்சியை அந்த நாட்டில் பாதி இடங்களில் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அவர்களுடைய கூச்சமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் குளித்தவர்கள்தான். மேல்நாட்டுக்காரர்கள் முகம் சுளித்தபிறகு, 1872-இல் தோக்கியோவில் அதற்கெல்லாம் அபராதம் போட்டுச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்துக் கதை வேறு. மார்பை மூடும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, பல வருடம் போராடி 1859-இல்தான் அரச அறிவிப்பு வந்தது. ஆச்சியின் ஆச்சிகளுக்கு அந்தத் துணி சும்மா கிடைத்ததில்லை. அம்மா நாடாவைப் பிடித்த பிடியில் அதுவும் இருந்திருக்கலாம். அந்தத் துணியை நான் குறைவாக நினைக்கமாட்டேன். என் மனத்தாங்கல் அந்த நாற்காலியைப் பற்றியது. அவள் உட்கார்ந்தே இருந்தாள், நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் தினமும் இரண்டு மணிக்குப் போனேன். பாட்டியை மறுபடி இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் முதலில் யார் முதுகு என்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகளிடம், "நீயும் வா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு அங்கே தோழிகளோடு குளித்துப் பழக்கம்தான், ஆனால் அம்மாவோடு போனதில்லை. "நிஜமாவாம்மா?" என்றாள். பெட்டியில் இரண்டு காசு போட்டோம். நான் முதலில் கழற்றி மடித்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடியைத் தூக்கி முடிந்திருந்தாள்.

பத்து வயதுக்குப் பிறகு அந்த முதுகை நான் பார்த்ததில்லை. இடது தோளுக்குக் கீழே, மிளகு அளவில் மூன்று பள்ளம். எட்டு வயதில் அம்மை வார்த்திருந்தபோது சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. அப்போது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுத்தவள் அம்மா. தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டவளும் அவள்தான். அந்த மூன்று பள்ளத்திலும் விரலை வைத்துப் பார்த்தேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மக்களே. தண்ணி ஊத்தட்டுமா? கொஞ்சம் சூடா இருக்கும்."

"ஊத்து. அப்புறம் நீ திரும்பி உக்காரு."